பாலுக்குப் போட்ட கணக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய், வேளைக்குச் சாப்பிடாமலும் இருப்பாய். இரண்டும் எனக்குத் தெரியும் என்பதால் நலம் விசாரிப்பை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் இப்படி மின்னஞ்சலில் பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று பயப்படாதே. சரி, கொஞ்சம் பயப்பட்டுக்கொள். போனில் நான் கேள்வியை முடிப்பதற்குள் நீ பதிலை ஆரம்பித்துவிடுவாய். பாதிக் கேள்விக்கு முழுப் பதில் சொல்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. போதாக்குறைக்கு நான் பெற்ற வாண்டு என் முதுகை ஒட்டியே நிற்கிறாள். நேற்று நீ கேட்டபோது அவள் காதில் விழக்கூடாதே என்றுதான், எல்லாம் நல்லாத்தான் போகுது, நீ மாநாட்டு வேலையப் பாரு என்று சொல்லி வைத்தேன். அது பொய்.

அத்தானுக்குக் காய்ச்சல் வந்து இறங்காமல் நிற்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் நோயோடு சேர்த்து வெள்ளையணுக்களும் அழிந்துபோகும், அந்தச் சமயத்தில் காய்ச்சல் எட்டிப் பார்ப்பது சகஜம்தான் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சகஜமான காய்ச்சலுக்கு நான் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். அவர் ரத்தத்தை எடுத்துப் புட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். அதில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது.

வேறு யார் வீட்டிலாவது ஈஸ்ட் என்றால் ரொட்டிக்கடை ஞாபகம் வரும். எனக்கு என் பால் ஆய்வகம்தான் ஞாபகம் வந்தது. எந்த வகை ஈஸ்ட் என்று இன்னும் பெயர் வரவில்லை. தட்டில் தனியாக வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரை பொதுவாக ஒரு மருந்தை ஆரம்பித்திருக்கிறோம் என்கிறார்கள். அந்தப் பெயருக்காகக் காத்துக்கொண்டு, அவர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரிந்தது. இருந்தாலும் குறுக்கே பேசாமல் படி. வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் என் தலைக்குள் இருப்பது எனக்கே பிடிபடும்.

வயிற்றுக்கு நல்லது செய்யும் ஈஸ்ட்டைப் பாலில் வளர்த்துப் புட்டியில் விற்கலாம் என்று எங்கள் பால் நிறுவனத்து மேலாளர் கிளம்பியபோது, அது பாலில் எவ்வளவு வேகமாகப் பெருகும், எப்போது நிற்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பாலில் இருக்கும் சர்க்கரையை அது திரும்பிக்கூடப் பார்க்காது. நாம் போடுகிற துளி குளுக்கோசை வைத்துத்தான் அதற்குக் குடித்தனம். நான் பாலில் விட்டு, இடைவெளி விட்டு எடுத்து, குழாய்க்குக் குழாய் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, தட்டில் ஊற்றி, முளைத்துவரும் வெள்ளைப் புள்ளிகளைக் கண் பூத்துப்போக எண்ணி உனக்கு அனுப்பினேன். கணக்குக்காரன் நீ அங்கே ஜம்மென்று உட்கார்ந்து அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்தாய். கோட்டுக்கு மூன்று எண்கள். புது இடத்துக்கு வந்த ஈஸ்ட் எதுவும் செய்யாமல் சும்மா கிடக்கும் நேரம். அதற்குத் தயக்கம் என்று பெயர் வைத்தாய். பிறகு மளமளவென்று பெருகும் வேகம். கடைசியில் தீனி தீர்ந்து, இதற்குமேல் ஏறாது என்று நிற்கும் கூரை. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தப் பாலில் எத்தனை ஈஸ்ட் இருக்கும் என்று எண்ணாமலேயே சொல்லிவிடலாம் என்றாய். நான் நம்பவில்லை. என் கண்ணையும் விரலையும் வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறாயோ என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தச் சண்டை நடந்தது. ஒரு நாளைய எண்கள் உன் கோட்டுக்குப் பத்து மடங்கு மேலே போய் நின்றன. அக்கா, நீ எங்கயோ ஒரு குழாய மாத்தி எடுத்துட்ட என்று நீ சொன்னாய். இத்தனை வருஷமாகப் பால் ஆய்வகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவளைப் பார்த்து நேற்றுப் பயல் சொல்கிறானே என்று எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுப் போய்த் தாங்கியில் இருந்த குழாய்களைப் பார்த்தேன். நாலாவதிலிருந்து எடுக்க வேண்டியதை மூன்றாவதிலிருந்து எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து என் கண்ணைவிட உன் கோட்டின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கைதான் இப்போது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

இனிமேல் உனக்குத் தெரியாதது.

கையில் குத்திக் குத்தி நரம்பெல்லாம் கெட்டுவிடும் என்று அத்தானுக்குத் தோளெலும்புக்குக் கீழே ஒரு குழாய் பொருத்தி, அதன் வழியாகத்தான் மருந்து ஏற்றுகிறார்கள். அதைப் பொருத்திய புதிதில் ஒரு நாள் ஆய்வகத்திலிருந்து நேரே வந்தேன். அன்று எனக்கு உலர்ந்த ஈஸ்ட் பொட்டலங்களைப் பிரித்துப் பாலில் கலக்கும் வேலை. கையைக் கழுவிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். குழாய்க்கு மேல் ஒட்டியிருந்த பட்டை ஓரத்தில் பிரிந்துகொண்டு அரிக்கிறது என்றார். நான் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன் தம்பி. எந்தப் பெண்டாட்டியும் யோசிக்காமல் செய்கிற காரியம்.

உள்ளே வந்துபோகிறவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று டாக்டரம்மா மறுநாள்தான் கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் அது நல்லதுதாம்மா, ரத்தத்துக்குள்ள போயிட்டா அதுக்கு நல்லது கெட்டது தெரியாது, இந்தக் குழாய் ரத்தத்துக்கு நேரா திறந்து வெச்ச கதவு மாதிரி, நீங்க இனிமே உள்ள வராதீங்க என்றார். அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பறக்குமாம், கை கழுவினாலும் முழுக்கப் போகாதாம். பொட்டலத்தைப் பிரித்த கையோடு குழாயைத் தொட்டு நோயாளிக்குக் காய்ச்சல் வந்த கதையெல்லாம் மருத்துவ உலகத்தில் உண்டாம். எங்கள் மேலாளர் அச்சடித்து வைத்திருக்கும் விளம்பரத் தாளில் இதெல்லாம் இல்லை.

அன்றிலிருந்து நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். பேசுவதற்குச் சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறது. நான் எடுத்தால் அவர் கட்டிலோரம் மணி அடிக்கும். அவர் எப்போதும் போலத்தான் பேசுகிறார். லிப்ட் மெக்கானிக்கைக் கொண்டுபோய் எங்கே படுக்க வைத்தாலும் அவர் காது லிப்டுக்குள்தான் இருக்கும் போலிருக்கிறது. மூணாவது லிப்டுல கதவு இழுத்துக்கிட்டு மூடுது, ரோலர் தேஞ்சிருச்சு, யார்கிட்டயாவது சொல்லு என்று நேற்று முழுக்க என்னை நச்சரித்தார். காய்ச்சலில் முகம் சிவந்து கிடக்கிறது, கவலை மட்டும் ரோலரைப் பற்றி. நான் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அங்கிருந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

சும்மா இருக்க முடியாமல் ஆய்வகத்துப் பஞ்சுக் குச்சிகளை எடுத்துவந்து என்னையே சோதித்தேன். நகக்கண், கைக்கடிகாரத்தின் அடி, கைப்பையின் வார், செருப்பு, வீட்டுக் குழாயின் திருகு எல்லாவற்றையும் துடைத்துத் தட்டில் இழுத்தேன். கைப்பையிலிருந்து முளைத்தது. கடிகாரத்துக்கு அடியிலிருந்தும் முளைத்தது. வாண்டுவின் பென்சில் டப்பாவிலிருந்துகூட இரண்டு புள்ளிகள். அதே மங்கலான வெள்ளை, அதே ரொட்டி வாசனை. நான் வீடு முழுக்க அதைப் பூசி வைத்திருக்கிறேன்.

நேற்று ரத்தத்தில் ஈஸ்ட் என்று தெரிந்ததும், நீ எனக்குச் செய்துகொடுத்த எக்செல் கோப்பைத் திறந்தேன். ஆரம்பத்தில் எத்தனை ஈஸ்ட், எவ்வளவு சூடு, எவ்வளவு தீனி என்று போட்டால் வளைகோடு வருமே, அதைத்தான். நான் பட்டையை அழுத்திய நாளை ஆரம்பமாக வைத்தேன். சூட்டுக்கு உடம்பின் சூடு. தீனிக்கு ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை. அந்தக் கட்டம் உடனே சிவப்பானது. பாலில் நாம் சோதித்த எல்லையைத் தாண்டினால் சிவக்கும்படி நீதான் வைத்திருந்தாய். நான் பொருட்படுத்தவில்லை. முதலில் கோடு சரசரவென்று ஏறி, காய்ச்சல் வந்த நாளுக்கு வெகு முன்பே கூரையைத் தொட்டது. குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்திருக்கும் என்று தயக்கத்தைக் கொஞ்சம் நீட்டினேன். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். கோடு காய்ச்சல் வந்த நாளில் போய் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

கோப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவரிடம் நானும் இதே தொழில்தான் என்று கெஞ்சினேன். நுண்ணோக்கியில் எடுத்த படத்தைத் தன் போனில் காட்டினார். முட்டை வடிவம், பக்கத்தில் சின்ன மொட்டு. என்னுடையது மாதிரியே இருந்தது. ஆனால் ஈஸ்ட் எல்லாமே அந்தப் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

நீ மாநாட்டில் இந்தக் கணக்கைத்தான் பேசப்போகிறாய். அதற்கு முன்னால் எனக்காக ஒரு தடவை இதைப் போட்டுப் பார். நான் எங்கேயாவது குழாய் மாற்றி எடுத்திருக்கிறேனா என்று சொல். இருக்கிறது என்று சொல்லிவிடு தம்பி.

எதற்கும் வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வந்தது. மொத்தம் நாலு வரி. பக்கம் பக்கமாக எழுதினவளுக்கு நாலு வரி எழுதும் தைரியம் உனக்கு மட்டும்தான் வரும்.

பாலுக்குத் தைத்த சட்டையை ரத்தத்துக்கு மாட்டாதே என்று எழுதியிருக்கிறாய். கட்டம் சிவந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும், பாலில் ஈஸ்ட்டைப் பிடித்துத் தின்ன யாரும் இல்லை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கொஞ்சமாவது இருக்கின்றன, அந்தக் கணக்கு இந்தக் கோட்டில் கிடையவே கிடையாது என்கிறாய். தயக்கத்தை நீயாகத் திருகினால் எந்த நாளுக்கும் கோடு பொருந்தும், கல்யாணத்தன்று அத்தான் கையைப் பிடித்ததுதான் காரணம் என்றுகூட நிரூபிக்கலாம் என்கிறாய். படித்ததும் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு செய்தும் பார்த்தேன். வாண்டுவின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனதால் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வராத ஒரு நாளை ஆரம்பமாகப் போட்டேன். தயக்கத்தைத் திருகினேன். அப்படியும் கோடு அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் தொடாத நாளும் நான் தொட்ட நாளும் உன் கோட்டுக்கு ஒன்றுதான்.

அதனால் பொருந்திவிட்டது என்பதற்காக நான்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் காரணம் இல்லை என்றும் அது சொல்லவில்லையே. உன் கோட்டைத் தூக்கிப் போட்டாலும் என் கட்டைவிரல் என்னிடம்தானே இருக்கிறது. நேற்று அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் தோல் உரிந்துவிட்டது.

இன்னொன்று. உன் நாலு வரியில் மூன்று கணக்கைப் பற்றி, ஒன்று என்னைத் தூங்கச் சொல்லி. அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஐந்தாவது வரி எழுதியிருக்கலாம். உனக்குப் பயம் வந்தால் கணக்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் திட்டவில்லை. நீ கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். காய்ச்சல் இறங்கவில்லை. இன்று காலையிலிருந்து ரோலரைப் பற்றிப் பேசவில்லை.

அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நானே தொட்டு நானே வரவழைத்துவிட்டேனோ என்று தொலைபேசியில் அழுதேன். அதற்கு அவர், உன் ஈஸ்ட்டா இருந்தா நீ எண்ணாம விட்டிருப்பியா, எப்பவோ தட்டுல ஊத்தி எண்ணியிருப்ப என்றார். பேசியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டார். புட்டியின் மூடிக்கு நீலம் வைப்பதா பச்சை வைப்பதா என்று என் அபிப்பிராயம் வேண்டுமாம். எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் உன் கணினி கெட்டுப்போகும். லீவு நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பெயர் நாளை தெரிந்துவிடும் என்கிறார்கள். என்னுடையதாக மட்டும் இருக்கக் கூடாது என்று மனசு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் சொல்லிக்கொள்.

உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

பெயர் வந்துவிட்டது. என்னுடையது இல்லை.

பரிசோதனைக் கூடத்துக்காரர் தானே நடைவழிக்கு வந்து சொன்னார். பாவம், நல்ல மனிதர். உங்க பால் ஈஸ்ட் இல்லம்மா, இது கேண்டிடா, எல்லார் குடல்லயும் சத்தமில்லாம இருக்கிறதுதான், உடம்புல எதிர்ப்பு இல்லாத நேரம் பாத்து ரத்தத்துக்குள்ள ஏறிடுச்சு, நீங்க கொண்டுவந்தது கிடையாது என்றார். நான் அவர் கையைப் பிடிக்கப் போய், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

சந்தோஷப்பட்டேன் தம்பி. ஒளிக்காமல் சொல்கிறேன். நடைவழி என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். கீழே உணவகத்துக்குப் போய் ரொட்டியும் முட்டையும் வாங்கித் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். தேநீர் குடித்தேன். இன்னொரு தேநீரும் குடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அதே காய்ச்சலோடுதான் கிடக்கிறார், ஒரு டிகிரிகூடக் குறையவில்லை, எனக்கு மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது மாதிரி இருந்தது. உனக்குப் போன் செய்து கத்த வேண்டும் என்று மேலே வந்தேன். அறை வாசலில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

அவரிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், என்னுடையது இல்லையாமே என்று. அவர் சிரிக்கவில்லை. என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று இந்த நடைவழியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எப்படிச் சொல்வதென்று யோசித்துப் பேசினார். உங்க ஈஸ்ட்டா இருந்திருந்தா எனக்கு வேலை சுலபமா இருந்திருக்கும்மா, குழாயை எடுத்துட்டு மருந்து குடுத்தா பெரும்பாலும் அது அடங்கிடும், ரொம்ப சாது, இது அப்படியில்ல, நாம முதல்ல ஆரம்பிச்ச மருந்துக்கு அசையல, வேற மருந்துக்கு மாத்தியிருக்கோம், அது சிறுநீரகத்த பாதிக்கும், குழாயையும் இன்னைக்கே எடுத்துடறோம், மிச்சத்துக்கு அவரோட வெள்ளையணு திரும்பி வரணும், வருமா, எப்ப வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது என்றார்.

நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் எழுந்து போன பிறகும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

இத்தனை நாள் நான் எதை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதுதான் அவருக்கு நல்லதாக இருந்திருக்கிறது. என்னுடையதாக இருந்தால் என்னடா குறைந்துபோயிருக்கும்? வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு, அவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். நான் தப்பித்துக்கொண்டேன், அவர் மாட்டிக்கொண்டார். நடைவழியில் சிரித்த அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்த் துப்புவது என்று தெரியவில்லை.

உன்னிடம் எதையும் போட்டுப் பார்க்கச் சொல்லப்போவதில்லை. உன் கோட்டுக்கு மூன்று எண்கள் போதும். இதற்கு எத்தனை எண்கள் வேண்டும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. இந்த மருந்தில் அது எவ்வளவு குறையும், அதற்குள் வெள்ளையணு எவ்வளவு ஏறும், எது முந்தும் என்று நீ உடனே ஒரு தாளை எடுத்துப் போட ஆரம்பித்திருப்பாய். பேனாவைக் கீழே வை. நான் கேட்பது வேறு.

புதுக் குழாயை இப்போதைக்குப் பொருத்தாமல் கை நரம்பில் ஊசி வழியாகத்தான் மருந்து ஏற்றப்போகிறார்கள். அவர் கையை அசைக்காமல் பார்த்துக்கொள்ள, தண்ணீர் கொடுக்க, கூட இருக்க ஓர் ஆளை உள்ளே விடலாம் என்கிறார்கள். நான் கூடாது. வேலையை விட்டாலும் சில வாரங்களுக்குக் கூடாது, வீட்டில் முளைத்ததைப் பற்றி நானே சொல்லிவிட்டேன், ஏற்கெனவே ஒன்றோடு போராடுகிற உடம்பில் இன்னொன்றும் சேர வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. வாண்டு சின்னப் பிள்ளை, விடமாட்டார்கள். அவரோடு லிப்ட் வேலை பார்க்கும் கூட்டாளி முந்தாநாள் ஆசையாக ஓடி வந்தார், வாசலில் ஒரு தும்மல் தும்மினார், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகக்கவசமும் கையுறையும் போட்ட நர்சுகளைத் தவிர அவரை யாரும் தொடுவதில்லை. நேற்றுத் தூக்கத்தில் கையை நீட்டி எதையோ தேடினார். நான் கண்ணாடியில் கையை வைத்தேன். அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

நீ வர வேண்டும் தம்பி. வராதே வராதே என்று இத்தனை நாள் சொன்னதும் நான்தான், இப்போது வா என்கிறதும் நான்தான். மாநாடு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதற்கு நீ எவ்வளவு உழைத்தாய் என்று தெரியும். ஆனாலும் வா. யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது, இத்தனை வருஷம் ஈஸ்ட்டோடு குடும்பம் நடத்தியவன் நீ, ஒரு நாளாவது அதைக் கையால் தொட்டிருக்கிறாயா? உனக்கு அது எண்ணும் கோடும்தான். உன் கையிலும் பையிலும் எதுவும் ஒட்டியிருக்காது. நம் குடும்பத்தில் அவருக்குப் பக்கத்தில் போகத் தகுதியான கை இப்போது உன்னுடையது மட்டும்தான்.

வந்தால் நம் வீட்டுக்கு வராதே. சாமானோடு நேரே இங்கே வா. ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே, என் கைப்பையை வாங்காதே, வாண்டுவைத் தூக்காதே. தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டு, எனக்கு அது போதும். சளி ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு. உள்ளே போவதற்கு முன் நர்சு காட்டுகிறபடி முழங்கைவரை கழுவு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உள்ளே போனதும் உன் கணக்கெல்லாம் பேசாதே. அவர் நெற்றியில் கையை வை. சூடு எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும், அதற்காக இல்லை. அவர் கண்ணை மூடியிருந்தால், வந்திருப்பது யார் என்று உடனே சொல்லிவிடாதே. கொஞ்ச நேரம் என் கை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா